மாட்டாஸ்பத்திரிக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலை வெளியானது. இப்படிப் பேர் வாங்கித் தந்த மாட்டுக்கும் நாய்க்கும் உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் போகும் இடம், 'மாட்டாஸ்பத்திரி' என்று வழக்கில் சொல்லப்படும் கால்நடை மருந்தகம். அங்கே பணிபுரியும் கால்நடை மருத்துவர், ஆய்வாளர், பராமரிப்பு உதவியாளர் ஆகியோருக்கு உதை, கடி, ஊசிக்குத்து, விலங்குகளிடமிருந்து தொற்றும் நோய் என நான்கு வகை ஆபத்துகள் உண்டு. மாட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் அதே ஆபத்துகள்தான். அவற்றில் பெரும்பகுதியை நீங்களே தடுக்க முடியும்.

"தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு"

மாடு எச்சில் ஒழுக விடுகிறது, தீனி எடுக்கவில்லை, குரல் மாறிக் கத்துகிறது. உடனே "தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு, கையை விட்டுப் பார்ப்போம்" என்போம். இதே அறிகுறிகள் வெறிநோய்க்கும் உண்டு. வெறிநாய் கடித்து வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்துத்தான் மாட்டுக்கு நோய் தெரியும். அதற்குள் கடித்ததே மறந்து போயிருக்கும். கையில் சிறு கீறல் இருந்தாலும் எச்சில் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். மனிதருக்கு அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிகமிக அரிது.

ஆகவே வாயில் கை விடாதீர்கள், மருந்தும் புகட்டாதீர்கள். நாய் கடித்த சந்தேகம் இருந்தால் மருத்துவர் மாட்டைத் தொடும் முன்பே சொல்லுங்கள். சந்தேகம் தீரும்வரை அந்த மாட்டின் பாலைக் குடிக்கவோ விற்கவோ வேண்டாம். மாட்டை நாய் கடித்தது தெரிந்தால், அன்றே தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

உங்களை நாய் கடித்தாலோ, காயத்தில் இப்படிப்பட்ட மாட்டின் எச்சில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடுப்பூசி இலவசம். "ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்" என்று நிறுத்திவிடாமல், சொன்ன தேதிகளில் எல்லாத் தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். விலங்குகளோடு பழகும் வேலையில் இருப்பவர்கள் கடிபடும் முன்னரே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

கன்று வீசிய மாடு

சினைக்காலத்தின் பிற்பகுதியில் மாடு கன்று வீசினால் புரூசெல்லோசிஸ் நோயாக இருக்கலாம். வீசிய கன்று, நஞ்சுக்கொடி, கர்ப்பநீர் மூன்றிலும் கிருமி மிகுதி. வெறும் கையால் நஞ்சுக்கொடியை இழுப்பவருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, இரவில் வியர்வை என மாதக்கணக்கில் தொல்லை நீடிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

பாலைக் காய்ச்சாமல் குடித்தாலும் இந்த நோய் வரும். பால்கோவா நெடுநேரம் கொதித்துச் சுண்டுவதால் கிருமி அதில் தாங்காது; பச்சைப் பாலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை போடும் தடுப்பூசி இருக்கிறது. அது உயிருள்ள கிருமியால் ஆனது. கன்று துள்ளி, ஊசி கையில் குத்திவிட்டால் போடுபவருக்கே நோய் வரலாம். எனவே அந்தக் கன்றை இறுகப் பிடித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நாயைக் கூட்டிப் போகும்போது

ராஜபாளையம் நாய் வீட்டாரிடம் பாசமாக இருக்கும், அந்நியரை எளிதில் அண்டவிடாது. "எங்க நாய் கடிக்காது சார்" என்பது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் வார்த்தை. வலியில் எந்த நாயும் கடிக்கும். கழுத்துப்பட்டையும் சங்கிலியும் போட்டு, பழகியவர் ஒருவர் பிடித்து வாருங்கள். வாய்மூடியை வீட்டிலேயே மாட்டிப் பழக்குங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள்.

மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியவை

• சமீப மாதங்களில் நாய் கடித்ததா?
• மாடு சினையா? முன்பு கன்று வீசியதுண்டா?
• உதைக்கும், முட்டும் பழக்கம் உண்டா?
• கடைசியாகப் போட்ட தடுப்பூசி எது, எப்போது?

மாட்டுக்குப் பின்னால் நேராக நிற்காதீர்கள். சிறுவர்களைப் பிடிகயிற்றில் நிறுத்தாதீர்கள். ஊசியையும் மருந்து பாட்டிலையும் தொழுவத்தில் வீசாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெற்றிலையையோ டீ கிளாஸையோ தொடுங்கள்.

மாட்டை நடத்திக் கொண்டுபோக முடியாத நிலையில் 1962 என்ற எண்ணை அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி உதவும். மனிதருக்கு அவசரம் என்றால் 108. எந்த எண்ணை அழைத்தாலும் நாய்க்கடி, கன்று வீச்சு பற்றிய விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் கையுறையோடு தயாராக இறங்குவார்கள்.