திருப்பூரை ஒட்டிய ஊர்களில் குடியிருப்போருக்கு

வேலை திருப்பூரில் பனியன் கம்பெனியில், வீடு பெருமாநல்லூரிலோ மங்கலத்திலோ என்று இருக்கும் குடும்பங்கள் ஏராளம். வாடகை குறைவு, காற்றோட்டம் உண்டு. ஆனால் இந்தப் பக்கம் குடித்தனத்தில் பாதி, தண்ணீரைச் சமாளிப்பதுதான்.

1. வீடு பிடித்துவிட்டதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பக்கத்து வீட்டு அக்காவிடம், "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்வதைவிட அது நம்பகமானது.

2. நொய்யலை ஒட்டிய ஊர்களில் போர் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். சாயக்கழிவு பல ஆண்டுகள் ஓடிய ஆறு இது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கடைசியில் தேங்கியது அந்தக் கழிவுதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்றானது. ஆனாலும் நிலத்தடியில் இறங்கிய உப்பு அத்தனை சீக்கிரம் போகாது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு தண்ணீரே இல்லாவிட்டாலும் 2,000 தாண்டக் கூடாது. கையடக்க மீட்டர் உப்பை மட்டுமே காட்டும். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள்.

3. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. குழாயில் வரும் நல்ல தண்ணீரில் ஒரு குடத்தைச் சமையலுக்கென்றே ஒதுக்குங்கள்.

4. உப்புத் தண்ணீரில் கட்டி சோப்பு நுரைக்காமல் துணியில் திட்டுத் திட்டாக ஒட்டும், சோப்புத்தூளே மேல். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் விட்டால் வெள்ளை பனியன் சீக்கிரம் பழுப்பேறாது.

5. ஈர பனியனைத் தோளில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் பின்னல் துணி இழுபட்டு நீளும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, கொடியில் பாதியாக மடித்துப் போடுங்கள். காதர்பேட்டையில் எடுத்த அடர் நிறத் துணியை முதல் தடவை தனியாக நனையுங்கள்.

6. வெந்நீர் அடுப்பைப் பனியன் வேஸ்ட் போட்டு எரிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அதில் பாலியஸ்டர் கலந்திருக்கும், சாயமும் இருக்கும். அந்தப் புகை அடுப்படியில் நிற்பவருக்குத்தான் முதலில் போகும். சந்தேகமானால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பருத்தி வேஸ்டைத் துவைத்து வைத்தால் தரை துடைக்க அதைப்போல் வேறில்லை.

7. ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் உருக்கி இறக்கும்போது ஒரு கொத்து முருங்கை இலை போடுங்கள்.

8. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் ஊராட்சியில் கிராம சபை கூடும். வாடகைக்கு இருந்தாலும் உள்ளூர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்களும் உறுப்பினர். தண்ணீர் விடும் நாளையும் நேரத்தையும் அங்கே கேட்டுத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். ஷிப்டுக்குப் போகிற வீடுகளுக்கு அது முக்கியம்.