அதிர்வில் விளையும் மின்சாரம்

ஆங்கிலத்தில் டூர்மலின் என வழங்கும் மணியின் பெயர், தோரமல்லி என்னும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து டச்சு வணிகர் கொண்டுசென்ற இம்மணி, சூடேறினால் சாம்பலை ஈர்ப்பது கண்டு ஐரோப்பியர் வியந்தனர். அதனையும் குவார்ட்சு என்னும் பளிங்கையும் ஆய்ந்த ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் பிரெஞ்சு உடன்பிறந்தார் 1880-இல் ஓர் உண்மையைக் கண்டனர்: சூடு வேண்டா, அழுத்தினாலே படிகத்தின் முகங்களில் மின்னூட்டம் தோன்றும். இதனை அழுத்தமின் விளைவு என்கிறோம். அடுப்படியில் எரிவாயு லைட்டரை அழுத்துகையில் தெறிக்கும் பொறி இவ்விளைவால் வருவதே.

அழுத்தம் ஒருமுறை வந்தால் பொறி, ஓயாது வந்துகொண்டிருந்தால்? மெல்லிய தகடொன்றின் ஒரு முனையை இயந்திரத்தோடு இறுகப் பொருத்தி, மறுமுனையில் சிறு எடை வைத்து, தகட்டின்மேல் அழுத்தமின் பொருளை ஒட்டிவிட்டால், இயந்திரம் நடுங்குந்தோறும் தகடு வளைந்து நிமிரும், மாறுமின்னோட்டம் பிறக்கும். அதனை நேராக்கி, மின்தேக்கியில் சிறுகச் சிறுகச் சேர்த்து, வெப்பத்தை அளந்து வானொலி அலைவழி அனுப்பும் சிறு உணரிகளுக்கு ஊட்டுகின்றனர். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு 1831-இல் ஃபாரடே காட்டிய வழியிலும் இதனைச் செய்வதுண்டு.

இடர்ப்பாடு ஒன்றுண்டு. தகட்டின் இயல்பான அதிர்வெண்ணும் இயந்திரத்தின் அதிர்வெண்ணும் ஒத்திராவிடில் விளைச்சல் மிகக் குறையும். காலமறிந்து தள்ளுவோர்க்கே ஊஞ்சல் உயரும் அன்றோ? 50 ஹெர்ட்சு மின்சாரத்தில் இயங்கும் மின்மாற்றி 100 ஹெர்ட்சில் அதிரும். அதில் பொருத்துங் கருவியை அதற்கேற்பவே அமைப்பர். இத்தனைக்கும் கிடைப்பது மைக்ரோவாட் அளவு. மிஞ்சினால் சில மில்லிவாட்.

சாலையில் தகடு பதித்து ஊருக்கே ஒளியூட்டலாம் என்பார் கூற்றை யான் ஏற்பதற்கில்லை. அம்மின்சாரம் வண்டி எரித்த எண்ணெயிலிருந்து வருவதேயன்றி வேறன்று. மின்கலம் மாற்றக் கை எட்டாத இடங்களிலேயே இக்கலை பயன்படும்: இரயில் சக்கரத்தின் அச்சுத்தாங்கி, பாலத்தின் அடிப்பகுதி போல்வன.

அத்தகைய இடங்களுள் தலையாயது மனித மார்பு. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரின் மின்கலம் ஏறத்தாழப் பத்தாண்டில் தீர்ந்தால், மீண்டும் அறுவை செய்தே மாற்ற வேண்டும். முதியோர்க்கு அது எளிதன்று. 2014-இல் ஆய்வாளர் சிலர் மெல்லிய அழுத்தமின் படலத்தை மாடு, செம்மறியாடு முதலியவற்றின் இதயத்தில் ஒட்டி, துடிப்பிலிருந்தே மின்சாரம் பெற்றுக் காட்டினர். மனிதர்க்கு அது இன்னும் வழக்கமான மருத்துவமாகவில்லை. மனித இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கிறது; அத்தனை முறையும் வளைந்து நிமிரும் படலம் பல்லாண்டு பழுதுறாமல் தாங்க வேண்டுமே!