அலையேறப் போகிறவர் எந்தப் பலகையை எடுப்பது?

தேனி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனாலும் விடுமுறை வந்தால் கம்பம், சின்னமனூர், போடிப் பிள்ளைகள் குமுளி மலையேறி வர்க்கலாவுக்கும் கேரளக் கோவளத்துக்கும் போகிறார்கள். சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஈ.சி.ஆர். கோவளமும் மாமல்லபுரமும் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். அந்தப் போட்டியின் காணொளிகளைப் பார்த்த கையோடு பலகை வாங்கத் துடிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: சின்னப் பலகைதான் சுலபம். தூக்கவும் லேசு, திருப்பவும் லேசு.

உண்மை நேர்மாறானது. போட்டியாளர்களின் பலகை பெரும்பாலும் ஆறடியை ஒட்டி இருக்கும். கொள்ளளவு 25 முதல் 30 லிட்டர். 70 கிலோ ஆள் அதில் குப்புறப் படுத்தால் பலகை நீருக்குள் அமிழ்ந்துவிடும். எவ்வளவு கைபோட்டாலும் வேகம் வராது, அலை அடியில் நழுவி ஓடிவிடும். அலையே கிடைக்காதவர் அதன்மேல் எழுந்து நிற்கப் பழகுவது எப்படி? நம் தோட்டக் கிணறுகளில் பிள்ளைக்கு நீச்சல் பழக்கும்போது பெரிய சுரைக்குடுக்கையாகப் பார்த்துத்தானே முதுகில் கட்டுவார்கள்? இங்கேயும் அதே நியாயம்தான். முதல் பலகை 8 அல்லது 9 அடி நீளம், 22 அங்குலத்துக்குக் குறையாத அகலம், 3 அங்குலத்துக்கு மேல் தடிமன் என்று இருக்கட்டும்.

நம்பிக்கை: ஆளின் உயரத்தைப் பார்த்துப் பலகை எடுக்க வேண்டும்.

உயரத்தைவிட எடைதான் முக்கியம். பலகையைத் திருப்பிப் பாருங்கள். நீளம், அகலம், தடிமனை அடுத்துப் பெரும்பாலும் லிட்டரும் எழுதியிருக்கும். ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். புதிதாகப் பழகுகிறவருக்குத் தன் எடை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டராவது வேண்டும், கூடினால் நல்லதே. வயது ஏறியவர்களும், உட்கார்ந்த இடத்திலேயே வேலை பார்ப்பவர்களும் இன்னும் பத்து லிட்டர் சேர்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: மேலே மெத்தென்ற ஃபோம் பலகை குழந்தைகளுக்கானது.

பயிற்சிப் பள்ளிகள் பெரியவர்களையும் அதில்தான் ஏற்றுகின்றன. விழும்போது தலையில் இடிக்கப்போவது பெரும்பாலும் உங்கள் சொந்தப் பலகைதான். அது ஃபைபர் கண்ணாடியாக இருந்தால் தையல் போட வேண்டிவரும்.

நம்பிக்கை: நிற்கப் பழகியாயிற்று, இனி ஷார்ட்போர்டுதான். நீளப் பலகையில் போனால் கெத்து இல்லை.

நன்றாக வந்துகொண்டிருந்த பலர் வீணாவது இந்தக் கட்டத்தில்தான். உடைந்து வரும் வெள்ளை நுரையில் நேராகக் கரைக்கு வருவது முதல் படி மட்டுமே. உடையாத அலையின் முகத்தில் இடமும் வலமும் பக்கவாட்டில் ஓட வந்த பிறகுதான் பலகையைக் குறைப்பது பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் ஒரேயடியாக ஆறடிக்குத் தாவக் கூடாது. ஏழு, ஏழரை அடியில், எடையில் முக்கால் பங்கு லிட்டரோடு ஒரு பருவம் ஓட்டுங்கள். அலை சிறியதாகவும் பலமில்லாமலும் இருக்கும் நாட்களில் கைதேர்ந்தவர்களே நீளப் பலகையை எடுப்பார்கள்.

கெத்து என்று பார்த்தாலும், இந்த விளையாட்டின் தாய்வீடான ஹவாயில் மிக நீளமான பலகை குடித்தலைவர்களுக்கே உரியதாக இருந்தது. ‘ஓலோ’ என்ற அந்தப் பலகையை 'விலிவிலி' என்னும் எடை குறைந்த மரத்தில் செதுக்கினார்கள். அந்த மரம் நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினம். குமுளிப் பக்கத் தோட்டங்களில் மிளகுக்கொடி படர நட்டிருக்கிறார்களே, அந்த முள்முருங்கைதான் கல்யாண முருங்கை. இன்று பெரும்பாலோர் ஓட்டும், அடியில் மூன்று துடுப்பு வைத்த ஷார்ட்போர்டு 1980இல்தான் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் கையில் உருவானது.

நம்பிக்கை: கிணற்றில் நீந்தியவனுக்குப் பலகையும் காலில் கட்டும் கயிறும் போதும்.

உப்பு நீர் கிணற்று நீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது, அதனால் மிதப்பது கொஞ்சம் சுலபம்தான். ஆனால் கிணற்றில் நீரோட்டம் இல்லை. கயிறு அறுந்த பிறகு உள்ளே இழுக்கும் கடலில் நீந்த முடிகிறதா என்பதே கேள்வி. அதைப் பயிற்சியாளரோடு பழகாமல் தனியே இறங்கவே கூடாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளக் கடற்கரைப் பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம்.

நம்பிக்கை: பழைய பலகை வாங்கினால் ஏமாந்துபோவோம்.

பார்க்கத் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். முதல் சில மாதம் வாடகைப் பலகையே போதும். அதற்குப் பிறகு வாங்கும்போது, கட்டை விரலால் மேல்பரப்பை அங்கங்கே அழுத்திப் பாருங்கள். பொதபொதவென்று அமுங்கினால் உள்ளே தோல் பிரிந்திருக்கிறது. துடுப்பு பொருந்தும் பள்ளத்தைச் சுற்றி மயிரிழை விரிசல், மஞ்சள் கறை, உப்புப் பூத்த கோடு ஏதாவது தெரிந்தால் தண்ணீர் புகுந்த பலகை. வால்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்திச் சற்று நேரம் விடுங்கள். சொட்டினால் பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

சரியானதாகப் பார்த்து வாங்கினாலும் சித்திரை வெயிலில் கார் மேல் உறையில்லாமல் கட்டிக்கொண்டு வராதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுவதற்குள் பலகையின் தோல் கொப்புளமாக உப்பிவிடும்.