பூட் ஆகும்போதே விழுந்தால் முதலில் எதைக் கழற்றுவது?

ஓடிக்கொண்டிருக்கும் கொம்பியூட்டர் கிராஷ் ஆனால் லொக் ஃபைலைத் திறந்து பார்க்கலாம். பூட் ஆகும்போதே விழுந்தால்? தானாக ரீபூட் ஆகி, திரும்ப அதே இடத்தில் விழும். இந்த முறை பொட்காஸ்டில கதைச்ச இந்த விஷயத்துக்கு நல்ல பாடம் செவ்வாய்க் கிரகத்தில் இருக்கு.

2004 ஜனவரி 21. நாசாவின் ஸ்பிரிட் ரோவர் தரையிறங்கி மூன்று கிழமைகூட ஆகவில்லை. ஒழுங்கான தகவல் வருவது நின்றது. ரோவர் 60 தடவைக்கு மேல் ரீபூட் ஆகியிருந்தது. இரவிலும் தூங்காததால் பேட்டரி இறங்கிக்கொண்டே போனது.

அதில் ஃபிளாஷ் 256 எம்பி, ரேம் 128 எம்பி. ஃபிளாஷை மவுன்ட் பண்ணும்போது ஃபைல்களின் பட்டியலை ரேமில்தான் வைக்க வேண்டும். ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த ஃபைல்களும் சேர்ந்து பட்டியல் பெருத்தது, ரேம் போதவில்லை. உடனே ரீபூட். பூட் ஆனதும் திரும்ப ஃபிளாஷை மவுன்ட் பண்ணும். திரும்ப ரீபூட்.

எஞ்சினியர்கள் செய்தது என்ன தெரியுமா? ஃபிளாஷைத் தொடாமல் பூட் ஆகச் சொல்லிக் கட்டளை அனுப்பினார்கள். ரோவர் நிதானமாக நின்றது. கோளாறு எந்தப் படியில் என்று அப்போதே பிடிபட்டுவிட்டது. பெப்ரவரியில் ஃபிளாஷை ஃபோர்மட் பண்ணினார்கள். 90 நாளுக்கென்று போன ரோவர் 2010 வரை பேசியது.

எங்கட லினக்ஸ் சேர்வரிலும் இதே கதை வரலாம். சில மெஷின்களில் ஸ்டோரேஜ் டிரைவர் ‘பவுன்ஸ் பஃபர்’ என்ற இடைமெமரி வழியாகத்தான் டிஸ்க்கோடு பேசும். வழக்கமான அளவு 64 எம்பி. டிரைவர் அதை முழுக்கப் பிடித்துவிட்டால், டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருந்தாலும் வாசிக்க ஏலாது. ஸ்கிரீனின் கடைசி வரி ‘ரூட் ஃபைல் சிஸ்டம் இல்லை’ என்று சொல்லும். அதை நம்பி டிஸ்க்கை மாற்றாதீங்கோ. மேலே போய் ‘பஃபர் நிரம்பிவிட்டது’ என்ற முதல் வரியைத் தேடுங்கோ. விழுந்தது ஒன்று, மெமரியைத் தின்றது வேறொன்று.

2024 ஜூலை 19 ஞாபகமா? கிரவுட்ஸ்டிரைக் அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழ, இங்கே ஜீபீ சர்ஜரிகளும் தடுமாறின. அங்கே மெமரி தீரவில்லை, ஒரு டிரைவர் எல்லை தாண்டி மெமரியை வாசித்தது. காரணம் வேறு, ஆனால் வழி இதேதான். சேஃப் மோடில் அந்த டிரைவர் இல்லாமல் பூட் பண்ணி, பிழையான ஃபைலை அழித்தார்கள்.

ஆகவே முதலில் சந்தேகப்படும் படியை விட்டுவிட்டு பூட் பண்ணுங்கோ. நின்றால், அந்தப் படியைக் கையால் ஓட்டி மெமரி எங்கே போகுது என்று பாருங்கோ. பஃபரைப் பெரிசாக்குவது அதற்குப் பிறகுதான்.