பெயர் தெரிந்து சொல்லுங்கள்: ஸஹஸ்ரநாமம் கற்க வருவோருக்கு

விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் ஸந்தை (குரு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் பாடம்) சொல்லிக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே கேட்பது, எத்தனை நாளில் மனப்பாடம் ஆகும் என்பதைத்தான். கேட்பதில் தவறில்லை. ஆனால் நூற்றுச் சொச்சம் சுலோகத்தையும் இருபது நிமிஷத்தில் ஒப்பித்துவிட்டு, நடுவில் ஒரு பெயரைக் காட்டி "இது என்ன?" என்றால் விழிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது ஆயிரம் பெயர்களின் துதி. எந்தப் பெயரைச் சொல்கிறோம், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது சொல்லும்போதே உங்களுக்குத் தெரிய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

1. முதலில் யார் யாரிடம் சொன்னது என்று தெரிந்துகொள்ளுங்கள். மகாபாரதத்தில் அனுசாஸன பர்வம். போர் முடிந்துவிட்டது. பீஷ்மர் உத்தராயணத்துக்காகக் காத்துக்கொண்டு அம்புப் படுக்கையில் கிடக்கிறார். உறவினரைக் கொன்று பெற்ற ராஜ்யம் தருமருக்கு இனிக்கவில்லை. அவர் ஆறு கேள்விகள் கேட்கிறார். உலகுக்கு ஒரே தெய்வம் யார், ஒரே புகலிடம் எது, யாரைத் துதித்தால் நன்மை, யாரை அர்ச்சித்தால் நன்மை, தர்மங்களுக்குள் மேலான தர்மம் எது, எதை ஜபித்தால் பிறவித் தளை அறும். இந்த ஆறுக்கும் சேர்த்து வந்த பதில்தான் ஆயிரம் நாமம். பலர் இந்தப் பூர்வ பாகத்தைத் தாண்டி நேரே "விச்வம்" என்ற முதல் பெயருக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கேள்வி காதில் விழாதவனுக்குப் பதில் எதற்கு? இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பீஷ்மர் யாருடைய பெயர்களைச் சொல்கிறாரோ, அந்தக் கண்ணன் பாண்டவர்களோடு அங்கேயேதான் இருக்கிறான். எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நெகிழும் இடம் அது.

2. "நான் சொல்லலாமா?" என்று தயங்க வேண்டாம். ருத்ரம், புருஷ ஸூக்தம் போன்றவை வேதம். அவற்றுக்கு உதாத்தம், அநுதாத்தம், ஸ்வரிதம் என்று ஸ்வரக் கட்டுப்பாடு உண்டு, அத்யயன முறை உண்டு. ஸஹஸ்ரநாமம் இதிஹாஸத்தின் பகுதி, அதற்கு வேத ஸ்வரம் கிடையாது. பலனைச் சொல்லும் இதன் பலச்ருதிப் பகுதியே நான்கு வர்ணத்தாரையும் பெயர் சொல்லி, இன்னாருக்கு இன்ன பலன் என்கிறது. ஆணோ பெண்ணோ, எந்த வீட்டில் பிறந்தவரானாலும் வந்து உட்காருங்கள்.

3. கண்ணால் கற்காதீர்கள், காதால் கற்றுக்கொள்ளுங்கள். நம் தமிழ் எழுத்தில் ஒரே "க" நான்கு ஒலிகளுக்கு வேலை செய்கிறது. "கதா" என்று வெறுமனே எழுதினால் அது கதையா, பெருமாள் கையிலிருக்கும் கதாயுதமா? கதாதரன் என்ற பெயர் வரும் இடத்தில் மூன்றாவது "க"வைச் சொன்னால்தான் அவன் கதாயுதம் ஏந்தியவன். இதற்காகத்தான் நம் ஊர்ப் புத்தகங்களில் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சின்ன எண்கள் போட்டிருக்கிறார்கள். எண் போடாத புத்தகத்தை வாங்காதீர்கள். எண் போட்ட புத்தகத்தையும் தனியாக வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். அந்த எண்ணுக்கு என்ன ஒலி என்பதை ஒரு வாய் சொல்லி ஒரு காது கேட்க வேண்டும்.

ஸகாரமும் அப்படித்தான். இருபத்தைந்தாவது பெயர் ஸர்வ:, எல்லாமாக இருப்பவன். இருபத்தாறாவது ஶர்வ:, ஸம்ஹார காலத்தில் எல்லாவற்றையும் அழிப்பவன். அடுத்தடுத்து வரும் இரண்டையும் நாக்கை ஒரே இடத்தில் வைத்துச் சொன்னால் ஆயிரத்தில் ஒரு பெயர் காணாமல் போகிறது. ஸந்தையில் குரு ஒரு முறை சொல்ல, சிஷ்யன் இரண்டு முறை திருப்பிச் சொல்வது வெறும் மனப்பாடத்துக்காக அல்ல. முதல் முறை சொல்லும்போது குரு உங்கள் பிழையைப் பிடிப்பார். இரண்டாம் முறை அது திருந்தியதா என்று பார்ப்பார்.

4. விரல் விட்டு எண்ணுங்கள். நாமங்கள் வரும் சுலோகங்கள் அனுஷ்டுப் சந்தஸ். பாதத்துக்கு எட்டு அக்ஷரம், நான்கு பாதம், ஆக 32. தமிழ் நாக்குக்குக் கூட்டெழுத்தின் நடுவே ஓர் "இ"யோ "உ"வோ நுழைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. "ப்ரபு" என்றால் இரண்டு அக்ஷரம், "பிரபு" என்றால் மூன்று. எட்டு ஒன்பதாகிவிட்டது என்று விரல் உடனே சொல்லிவிடும். கூடவே குரு (நீண்டு ஒலிக்கும் அக்ஷரம்), லகு (குறுகி ஒலிக்கும் அக்ஷரம்) இரண்டையும் கவனியுங்கள். பெரும்பாலும் பாதத்தின் ஐந்தாம் அக்ஷரம் லகு, ஆறாவது குரு. "விஷ்ணு"வில் "வி" குறில்தான், ஆனால் பின்னால் கூட்டெழுத்து நிற்பதால் அது குருவாகிறது. அதில் கொஞ்சம் நின்று போக வேண்டும். இரண்டு பாதம் முடிந்த இடத்தில் மூச்சு வாங்குங்கள். பெயரின் நடுவில் வாங்காதீர்கள்.

5. விஸர்கத்தை விழுங்காதீர்கள். இரண்டு புள்ளி போட்டிருக்கும் இடம் அது. நிறுத்தும்போது முன்னால் இருக்கும் உயிரின் சாயல் அதில் கேட்க வேண்டும்: அகரத்துக்குப் பின் "ஹ", இகரத்துக்குப் பின் "ஹி", உகரத்துக்குப் பின் "ஹு".

6. சேர்ந்திருப்பதைப் பிரித்துப் பாருங்கள். பத்மநாபன், அமரப்ரபு என்ற இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஸந்தியில் முன்னதன் விஸர்கம் "ஓ" ஆகிறது, பின்னதன் "அ" மறைகிறது. காதுக்கு "மரப்ரபு" என்றுதான் கேட்கும். குருவாயூரில் பூந்தானம் என்ற பக்தர் அதை மரப்ரபு, அதாவது மரங்களுக்குப் பிரபு என்றே சொல்லிவந்தாராம். நாராயணீயம் பாடிய மேல்பத்தூர் பட்டத்திரி அமரர்களின் பிரபு என்று திருத்த, நான் மரப்ரபுவும்தான் என்று ஸந்நிதியிலிருந்து குரல் வந்ததாகச் சொல்வார்கள். கேட்கக் கேட்கத் தெவிட்டாத கதை. ஆனால் "பக்தி இருந்தால் போதும், உச்சரிப்பு எப்படி இருந்தால் என்ன" என்பதற்கு இதைச் சாட்சிக்கு இழுக்கிறார்களே, அதை நான் ஏற்பதில்லை. பூந்தானம் அறியாமல் சொன்னார். திருத்தித் தர ஆள் இருந்தும் கற்றுக்கொள்ளாமல் இருப்பது வேறு.

பிரிப்பதற்கு நல்ல துணை நாமாவளிதான். அர்ச்சனைக்காக ஒவ்வொரு பெயரும் நான்காம் வேற்றுமையில், "நம:" சேர்ந்து தனித்தனியாக நிற்கும். சுலோகத்தை ஒரு பக்கமும் நாமாவளியை மறு பக்கமும் வைத்துக்கொண்டு, பென்சிலால் பெயர்களுக்கு நடுவே கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். விஷ்ணு "விஷ்ணவே" ஆவதும், விச்வம் "விச்வாய" ஆகாமல் "விச்வஸ்மை" ஆவதும் கண்ணில் படும். இலக்கணம் தானாக ஒட்டிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

7. பொருளை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். நாளைக்கு இரண்டு பெயர் போதும். ஆதிசங்கரர் உரை இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த, கூரத்தாழ்வானின் திருக்குமாரர் பராசர பட்டர் அருளிய பகவத்குண தர்ப்பணம் இருக்கிறது. இரண்டுக்கும் தமிழில் விளக்கங்கள் கிடைக்கின்றன. இருவரும் பெயர்களைப் பிரிக்கும் விதமே சில இடங்களில் வேறுபடும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். விஷ்ணு என்ற பெயரே மூன்று இடத்தில் வருகிறது. ஒரே பெயரை மூன்று முறை சொல்வானேன் என்று கேட்டு, இடத்துக்கு இடம் புதிதாகப் பொருள் காண்கிறார்கள் உரைகாரர்கள். 27-ஆவது பெயர் சிவ:. முக்குணங்களின் கலப்பில்லாத தூயவன் என்று சங்கரர் பொருள் சொல்லி, சிவன் முதலான பெயர்களாலும் துதிக்கப்படுபவன் ஹரியே என்கிறார். மங்களத்தைத் தருபவன் என்று கொள்கிறார் பட்டர். எந்த ஸம்ப்ரதாயத்தில் வந்தவரானாலும் முதலில் ஓர் உரையை முழுதாகப் படித்துவிட்டு மற்றதற்குப் போங்கள். இரண்டையும் கலந்து படித்தால் இரண்டின் ஓட்டமும் பிடிபடாது.

8. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் பதிவைக் கேளுங்கள். நிதானத்துக்கும் அக்ஷர சுத்தத்துக்கும் அது உங்கள் காதைப் பழக்கும். ஆனால் நீங்கள் சொல்வதை அது கேட்காது. உங்கள் பிழையைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

9. வேகம் வேண்டாம். கோஷ்டியில் சேர்ந்தால் மற்றவர்கள் வேகம் உங்களை இழுக்கும். தெரிந்த சுலோகத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள், தெரியாததற்குப் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். கூட்டத்தோடு முணுமுணுத்துப் பழகிய பிழையைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

10. முழுதும் சொல்ல முடியாத நாள் வரும். உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறோம், குழந்தை அழுகிறது. அன்றைக்கு ஐந்தே நிமிஷத்தில் ஓட்டி முடிக்கப் பார்க்காதீர்கள். பாராயணத்தின் உத்தர பாகத்தில் கண்ணனே அர்ஜுனனிடம் சொல்லும் சுலோகம் ஒன்று உண்டு. ஆயிரம் நாமத்தால் துதிக்க விரும்புகிறவன் ஒரு சுலோகத்தால் துதித்தாலும் நான் துதிக்கப்பட்டவனே, இதில் ஸந்தேகமில்லை என்கிறான். அதனால் அன்று படித்துக்கொண்டிருக்கும் சுலோகம் ஒன்றை எடுங்கள். நாமாவளியில் பிரித்துப் பாருங்கள், ஒவ்வொரு பெயரின் பொருளையும் நினைத்துக்கொள்ளுங்கள், பிறகு 32 அக்ஷரமும் தெளிவாக விழும்படி ஒரு முறை சொல்லுங்கள். மறுநாள் அடுத்த சுலோகத்திலிருந்து தொடரலாம்.