மாற்றுச் சிறுநீரகமும் மறுக்கும் உடலும்

"பொருத்திய சிறுநீரகம் சில நாட்களில் சோர்ந்துவிட்டால் என்ன? ஸ்டீராய்டு கொடுத்தால் சரியாகிவிடும்!" என்றார் நம் விடுதி நண்பர் ஒருவர். அவர் சொன்னதில் பாதி உண்மை. மறு பாதியை அறியாவிடில் உறுப்பே பாழாகும். ஆகவே இதனை எழுத முற்பட்டேன்.

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் வீட்டுக் காவலரைப் போன்றவை. அயலார் யார் வரினும் எதிர்க்கும். வந்தவன் திருடனா, விருந்தினனா என்று பாரா. 1954இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே குழுவினர் பொருத்திய சிறுநீரகம் நிலைத்தது ஏன்? தந்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உதித்த இரட்டையர். காவலருக்கு வேற்றுமை தெரியவில்லை! மற்றையோர்க்கு மருந்தே துணை. மறுப்புத் தொடங்கிய பின்னரும், மிகுந்த அளவு பிரட்னிசோன் கொடுத்து அதனைத் தணிக்கலாம் என்று டென்வர் நகரின் தாமஸ் ஸ்டார்ஸில் 1963இல் அறிவித்தார்.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? அணுவினுள் புகுந்து, உட்கருவை அடைந்து, வெள்ளணுக்கள் ஒன்றையொன்று போருக்கு அழைக்கும் சைட்டோகைன்கள் உண்டாவதைக் குறைக்கிறது. அதனால் போர் தணிகிறது.

ஆனால் நண்பர்களே, உறுப்பு சோர்வதற்கு மறுப்பு ஒன்றுதானா காரணம்? குருதியோட்டமின்றி வெளியே இருந்த நேரத்தில் நுண்குழாய்கள் நலிந்திருக்கலாம். அவை பெரும்பாலும் தாமே தேறும், அதுவரை டயாலிசிஸ் தேவைப்படலாம். குருதிக்குழாயில் கட்டி உறைந்திருக்கலாம், சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கலாம். மறுப்பைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸே அளவு மிஞ்சி நஞ்சாகியிருக்கலாம். இவை அனைத்திலும் குருதியில் கிரியேட்டினின் ஏறும். அடையாளம் ஒன்று, காரணமோ பல!

எனவேதான் மருத்துவர் மருந்தின் அளவைச் சோதிக்கின்றனர், அல்ட்ராசவுண்ட் பார்க்கின்றனர், வேண்டுமாயின் ஊசியால் சிறு துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்கின்றனர். வெள்ளணுக்களின் மறுப்பு எனத் தெளிந்தால், மீதைல் பிரட்னிசோலோன் நாளொன்றுக்கு 250 முதல் 1,000 மில்லிகிராம் வரை, பெரும்பாலும் மூன்று நாள் சிரை வழியே தரப்படும். எதிர்ப்பொருள்களால் வந்த மறுப்பாயின் ஸ்டீராய்டு மட்டும் போதாது.

காரணமறியாது கொடுத்தால் நன்மை கிட்டாது. சர்க்கரை ஏறும், தொற்று நுழையும், காயம் ஆறத் தாமதிக்கும். காவலனை உறங்க வைத்தால் திருடனுக்கும் கதவு திறந்ததாகாதா?

மருத்துவம் பயிலும் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: முதலில் காரணம், பிறகு மருந்து. ஒருவர் தம் உடலினின்று ஈந்த கொடை அது. அவசரத்தால் அதனை இழத்தலாகாது.