எஸ்எஸ்டின்னா எஸ்எஸ்டிதானே?

சர்வருக்கு எஸ்எஸ்டி வாங்கப் போகிறவர்கள் வேகத்தைப் பிறகு பார்க்கலாம். கரண்ட் போனால் அந்த டிஸ்க் என்ன செய்யும் என்பதை முதலில் பாருங்கள். எங்கள் கம்பெனியில் இதை மெயில் போட்டே சொன்னேன். அந்த மெயிலை இன்னும் அழிக்கவில்லை.

சென்னையில் ஒரு நடுத்தரக் கம்பெனி. பில்லிங், கணக்கு எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். சர்வர் ஒரு டேட்டா சென்டரில், வாடகை ரேக்கில். பழைய டிஸ்க்குகளை மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது, 1.92 டிபி என்டர்பிரைஸ் சாட்டா எஸ்எஸ்டி, ‘பவர் லாஸ் புரொடெக்‌ஷன்’ உள்ள மாடல் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். பர்சேஸில் அதன் கீழே ‘அல்லது அதற்கு இணையானது’ என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். வந்து இறங்கியது லேப்டாப்பில் போடுகிற 2 டிபி க்யூஎல்சி டிஸ்க். விலை பாதிக்கும் குறைவு.

“எஸ்எஸ்டின்னா எஸ்எஸ்டிதானே சார்? அதே சைஸ், அதே கனெக்டர். இதுல ஸ்பீடும் ஜாஸ்தி போட்டிருக்கான்” என்றார் பர்சேஸ் மேனேஜர்.

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. வீட்டு டிஸ்க்கின் பெட்டியில் படிக்கும் வேகம் விநாடிக்கு 560 எம்பி. நான் கேட்டதில் 550. சிதறலாக எழுதும் வேகம் அதில் விநாடிக்கு 88,000 எழுத்துகள். நான் கேட்டதில் சுமார் 30,000. ஆனால் அந்த 88,000, காலியான புது டிஸ்க் கொஞ்ச நேரம் காட்டுகிற வித்தை. உள்ளே இருக்கும் எஸ்எல்சி கேஷ் நிரம்பியதும் க்யூஎல்சி டிஸ்க் படுத்துவிடும். இந்த 30,000, டிஸ்க் முழுக்க நிரம்பி, இரவு பகலாக ஓடும்போதும் கிடைப்பது.

டேட்டாபேஸுக்கு இதைவிட முக்கியமான விஷயம் எஃப்சிங்க். ஒவ்வொரு கமிட்டின்போதும் “டிஸ்க்கில் எழுதியாயிற்றா?” என்று டேட்டாபேஸ் கேட்டுவிட்டுத்தான் நகரும். என்டர்பிரைஸ் டிஸ்க்கில் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. கரண்ட் போனாலும் அவற்றில் தேங்கிய மின்சாரத்தை வைத்து, டிஸ்க்கின் தற்காலிக நினைவகமான டிராமில் உள்ளதை ஃபிளாஷில் இறக்கிவிடும். அதனால் டேட்டா டிராமுக்கு வந்தவுடனேயே தைரியமாக “ஆயிற்று” என்று சொல்லும். கெபாசிட்டர் இல்லாத டிஸ்க், நேர்மையானதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஃபிளாஷில் எழுதி முடித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். நேர்மையில்லாதது, கல்லாவில் பணம் போடாமலே ரசீது கிழிக்கிற ஆள் மாதிரி.

எங்களுக்கு வந்தது நேர்மையான வகை, எனவே மெதுவானது. டிஸ்க் மாற்றியது, ரெய்டு-10 கட்டியது, டேட்டா ஏற்றியது எல்லாம் வழக்கமான வேலை, அதில் சொல்ல ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் பில்லிங் நின்று நின்று போனது. நான் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் வெண்டரின் என்ஜினியரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். “கமிட்லதான் லேட் ஆகுது சார், எஃப்சிங்க்கை ஆஃப் பண்ணிடலாம்” என்றாராம். ஆஃப் பண்ணினார். பில்லிங் பறந்தது. அவருக்குப் பாராட்டு மெயில்கூடப் போனது, எனக்கும் காப்பி வந்தது.

பிறகு டேட்டா சென்டரில் பராமரிப்புக்காக ஒரு மின் லைனை, முன்கூட்டியே சொல்லித்தான், நிறுத்தினார்கள். எங்கள் சர்வரில் இரண்டு பவர் சப்ளை. இரண்டையும் ஒரே லைனில் செருகி வைத்திருந்தவரும் அதே என்ஜினியர்தான். சர்வர் மறுபடி எழுந்தது, டேட்டாபேஸ் எழவில்லை. சரியான செக்பாயின்ட் பதிவு இல்லை என்று நின்றுவிட்டது.

“ரெய்டு இருந்ததே?” என்று எம்.டி. கேட்டார். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். டிஸ்க்குக்கு வந்தே சேராத டேட்டாவை அது எங்கிருந்து கொடுக்கும்? முந்தைய இரவு பேக்கப்பை ஏற்றி, அன்றைய பில்களைக் காகிதத்தைப் பார்த்து மறுபடி அடித்தார்கள். எஃப்சிங்க்கை அணைத்தால் என்டர்பிரைஸ் டிஸ்க்கிலும் இதே கதிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்ட டிஸ்க் வந்திருந்தால் அதை அணைக்கும் தேவையே யாருக்கும் வந்திருக்காது.

கரண்ட் போவது பெரிய விஷயமா என்று உங்கள் ஆபீஸிலும் ஒருவர் கேட்பார். 2013இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி லேப்ஸும் 15 எஸ்எஸ்டிகளுக்கு வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தன. 13 எஸ்எஸ்டிகளில் கோளாறு தெரிந்தது. இதை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

சாம்சங் பிஎம்893, மைக்ரான் 5300, சாலிடைம் டி3-எஸ்4520 போன்றவற்றில் கெபாசிட்டர் உண்டு. எதை வாங்கினாலும் டேட்டாஷீட்டில் அந்த வரியை உங்கள் கண்ணால் பாருங்கள்.

டிஸ்க் வந்ததும் எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவியை வைத்து, 4கே சிதறல் எழுத்தை ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் கேட்டுச் சோதியுங்கள். வீட்டு டிஸ்க் சில நூறுகளில் தடுமாறும், நல்லது ஆயிரக்கணக்கில் போகும்.

ஆயுளை டிடபிள்யூபிடி-யில் கணக்கிடுங்கள். 1.92 டிபி, நாளைக்கு ஒரு முழு எழுத்து, ஐந்து வருஷம் என்றால் 3,504 டிபி. 2 டிபி க்யூஎல்சி வீட்டு டிஸ்க்கில் 720 டிபி என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபர்ம்வேர் அறிவிப்புகளைத் தவறாமல் படியுங்கள். 2019 நவம்பரில் எச்பிஇ, தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும் என்று அறிவித்தது. அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாளில் ஓட ஆரம்பித்தவை ஒரே நாளில் போகும், ரெய்டும் கூடவே போகும்.

கடைசியாக, பர்சேஸ் ஆர்டரில் முழு மாடல் எண்ணை எழுதுங்கள். ‘இணையானது’ என்று யாராவது சேர்த்தால், எதற்கு இணை என்று முடிவு செய்பவர் கையெழுத்தையும் பக்கத்திலேயே வாங்குங்கள். கையெழுத்துக் கேட்ட பிறகு எங்கள் பர்சேஸில் அந்த வரியை யாரும் சேர்ப்பதில்லை.